நித்திரை பார்க்கிறவர்

தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்த பிறகு கமலாசனி குடிப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைப் பார்க்கிறார். ஒரு கையில் கோப்பை, மற்றக் கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி. தேத்தண்ணியில் சீனி கிடையாது. ஒரு கடி, ஒரு மிடறு, பிறகு இன்னொரு கடி. இந்தப் பக்கத்தில் எல்லோரும் சிறுவயதிலிருந்து இப்படித்தான் குடிக்கிறார்கள். கடைசி மிடறும் கடைசிக் கடியும் ஏறக்குறைய ஒன்றாக முடியும். யாரும் யோசித்துச் செய்வதில்லை.

தர்ஷன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைக்கப் போனார். கைக்குள் பனங்கட்டி கடிபடாமல் முழுதாக இருந்தது. வெறும் சாயத்தை அடிவரை குடித்திருக்கிறார். கசப்பு நாக்குக்குத் தெரியவில்லை.

“தர்ஷன், நீ இண்டைக்குத் தடிக்குப் பெயின்ற் அடி.”

“அக்கா, நான் நல்லாத்தான் இருக்கிறன்.”

“கையைப் பார்.”

பார்த்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“மகளுக்குக் காய்ச்சல் அக்கா. விடிய விடியத் தோளில போட்டுக்கொண்டு நடந்தனான்.”

“அதை வந்த உடன சொல்லியிருக்க வேணும். இப்ப பிள்ளைக்கு எப்பிடி?”

“விட்டிட்டுது.”

“அப்ப நீயும் விட்டிட்டுப் போய் மரத்தடியில இரு.”

தர்ஷன் பனங்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு பாலை மரத்தடிக்குப் போனார். அங்கே முழ நீளத் தடிகள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. நுனியில் சிவப்பு அடித்த தடிக்கு அப்பால் போகக்கூடாது. வெள்ளை அடித்த தடிக்கு இப்பால் நடக்கலாம். இந்த அணியில் பெயின்ற் படாத கை ஒன்றும் இல்லை.

வன்னியில் அக்கராயனுக்கு மேற்கே, வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், மிதிவெடி அகற்றும் அணி ஒன்றுக்குக் கமலாசனி தலைவி. நாற்பத்தெட்டு வயது. குட்டையானவர். நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் முன்னே போகும். சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார். திட்டுவதானாலும் பக்கத்தில் போய் நின்றுதான் திட்டுவார். வேலை நேரத்தில் யாரையும் திடுக்கிட வைக்கக்கூடாது என்பது பழகிப் பழகி, இப்போது வீட்டிலும் அப்படித்தானாம். “மனிசி கோவிச்சா எனக்குக் காது கேக்காது. கிட்ட வந்தா ஓடுவன்” என்று வட்டக்கச்சியில் அவருடைய கணவர் கணபதி என்னிடம் சொன்னார். கணபதிக்கு லான்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரம் ஒன்றும் கொஞ்ச வயலும் இருக்கின்றன.

கமலாசனியின் அப்பா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு எழுபத்தேழாம் ஆண்டில் வன்னிக்கு வந்தவர். வன்னித் தேத்தண்ணியைக் கடைசிவரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “‘இது தேத்தண்ணியா புள்ள, சட்டி கழுவுன தண்ணி’ எண்டுவார். ஆனா பனங்கட்டியை மட்டும் விடமாட்டார்” என்று மகள் சொல்கிறார்.

வேலை இது. ஒரு மீற்றர் அகலத்தில் கயிறு கட்டிய பாதை. அதற்குள் முழங்காலில் நின்று, மெசின் என்று அவர்கள் சொல்லும் கருவியை நிலத்துக்கு மேலே மெல்ல ஆட்ட வேண்டும். அது கத்தினால் அந்த இடத்தைக் குறித்து, சிறு கரண்டியால் மண்ணைப் பக்கவாட்டிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டும். உடம்பில் கனத்த மார்புக் கவசம். தலையில் வைசர், நெற்றியிலிருந்து கழுத்துவரை இறங்கும் தடித்த கண்ணாடி. கயிற்றைத் தாண்டும்போது அது முகத்தை மூடி இறங்கியிருக்க வேண்டும். சுரண்டியதும் வருவது அநேகமாக ஆணி, தகரம், மீன் ரின் மூடி, பழைய துப்பாக்கி ரவைக் கோது. எப்போதாவது ஒருநாள் மற்றது வரும். உள்ளங்கை அளவு, பிளாஸ்ரிக், பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான்.

“எனக்குப் பயம் வெடிக்கு இல்லை, ஆணிக்கு” என்றார் கமலாசனி. “விடியத் தொடங்கி ஆணி, ஆணி, ஆணி. பிறகு மெசின் கத்தேக்க மனம் தானாச் சொல்லும், இதுவும் ஆணிதான் எண்டு. நித்திரை கொண்டவன் அந்த மனத்தைப் பிடிச்சு நிப்பாட்டுவான். கொள்ளாதவனுக்கு நிப்பாட்ட ஆள் இல்லை. உள்ளுக்க ஒருத்தரும் இல்லை.”

இதைத் தான் கண்டுபிடித்ததாக அவர் சொல்வதில்லை. “ஒப்பீசில வகுப்பு வைச்சுச் சொல்லித் தந்தவை. மூளையின்ர படமெல்லாம் போட்டுக் காட்டினவை. நல்ல வகுப்பு. நான் அதைத் தேத்தண்ணியில பாக்கிறன், அவ்வளவுதான்.”

பனங்கட்டி தவிர வேறு குறிகளும் அவரிடம் உண்டு. கேட்ட கேள்விக்கு ஒரு மூச்சுப் பிந்திப் பதில் சொல்பவர். செருப்பைக் கழற்றி வைத்த இடத்தைத் தேடுபவர். சின்ன விஷயத்துக்குச் சண்டைக்கு வருபவர். எல்லாவற்றையும்விட, எல்லாவற்றுக்கும் சிரிப்பவர். “பகிடி கூடினா நான் கவனம். நித்திரை இல்லாதவனுக்குச் சின்னப் பகிடியும் பெரிசாத் தெரியும். நல்ல உசாராத்தான் நிப்பான். தனக்கு ஒண்டும் இல்லை எண்டு சத்தியம் பண்ணுவான். குடிவெறிகாரனுக்காவது தான் வெறி எண்டு கொஞ்சம் தெரியும். இவனுக்கு அதுவும் தெரியாது.”

தவறுவது புதிய வேலையில் அல்ல, பழகிய வேலையில் என்கிறார். கை தானாகச் செய்யும் காரியத்தில்தான் ஒரு படி காணாமல் போகும். கைக்கும் அது தெரியாது, செய்த ஆளுக்கும் தெரியாது.

அணியில் உள்ளவர்களின் இரவுகள் அவருக்கு மனப்பாடம். யாருடைய பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, யாருடைய வயலுக்கு இரவில் தண்ணீர் முறை, யாருடைய தங்கைக்குக் கலியாணம், யார் வெளிநாட்டில் இருக்கும் தம்பியோடு நடுச்சாமம்வரை போனில் கதைக்கிறார் என்பதெல்லாம் தெரியும். விடிய விடிய நடக்கும் வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்கு மறுநாள் அவருடைய அணியில் ஒருவரும் கயிற்றைத் தாண்டுவதில்லை. கோயிலுக்குப் போனவர்களும் போகாதவர்களும் சேர்ந்து பகல் முழுக்கக் கவசம் கழுவி, கரண்டி தீட்டி, கயிறு சுற்றுவார்கள். போகாத ஒருவர் ஒருமுறை, “நான் நல்லா நித்திரை கொண்டனான், என்னை விடுங்கோ” என்று கேட்டாராம். “பக்கத்துப் பாதையில இருக்கிறவன் கொள்ளேல்லையே” என்று சொல்லிவிட்டார்.

எல்லோருக்கும் இது பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. கிருபனுக்குப் பிடிக்கவில்லை. முப்பத்தொன்பது வயது, மூன்று பிள்ளைகள், அக்கராயனில் வயல். நெல் கதிர் தள்ளும் காலத்தில் யானை வரும். வீட்டில் வேறு ஆண் இல்லை. பரணில் குந்தியிருந்து யானை வெடி கொளுத்துவது கிருபனின் வேலை. “இரவில வெடி கொளுத்திறன், பகலில வெடி எடுக்கிறன். எனக்கும் வெடிக்கும் என்ன பொருத்தமோ தெரியாது” என்று சொல்லிச் சிரிப்பார். தை மாதம் முழுவதும் அதிகமாகப் பெயின்ற் அடித்தது அவர்தான். ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

“அக்காவுக்கு என்னில மட்டும்தான் கண். இது என்ன தேத்தண்ணிச் சாத்திரமோ? என்ர கையைப் பாருங்கோ. நடுங்குதோ?”

கை நடுங்கவில்லை. கமலாசனி எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“நடுங்கினா நான் உன்னை உள்ளுக்க விட்டிருப்பன். நடுங்கிறவன் பாத்துச் செய்வான். நீ நடுங்காமல் நிக்கிறாய், அதுதான் எனக்குப் பயம்.”

அதன் பிறகு கிருபன் சில நாட்கள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தேத்தண்ணியை மட்டும் அவர் கையால் வாங்கிக் குடித்தார். கடித்து, குடித்து, கடித்து, கடைசியில் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போவார்.

நான் போயிருந்த நாட்களில் கமலாசனி தேத்தண்ணி குடித்து நான் பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஊற்றி முடிய கேத்தில் காலியாகிவிடும். வெற்றுக் கேத்திலைக் கழுவிக் கவிழ்ப்பார். அவர் கையைப் பார்க்க யாரும் இல்லை.

ஒரு பின்னேரம் வட்டக்கச்சியில் அவர் வீட்டு முற்றத்தில் இருந்தபோது தன் நித்திரையைப் பற்றிக் கேட்காமலே சொன்னார். முந்தி அவருக்கு நித்திரை ஒரு பிரச்சினையே இல்லை. “ஷெல் விழேக்க நித்திரை கொண்டனான். பங்கருக்குள்ள முழங்கால் தண்ணி, தோளில மகள், அப்பவும் நிண்டபடி கண் அயர்ந்தனான். இப்ப ஒரு சத்தமும் இல்லை. கட்டில் இருக்கு, ஃபான் இருக்கு. நித்திரை இல்லை.” மாதவிலக்கு நிற்கும் வயது. சாமத்தில் உடம்பு அடுப்புப்போல எரிந்து, பிறகு வேர்த்துக் குளிர்ந்துவிடுகிறது. எழும்பிக் கிணற்றடியில் போய் நிற்பாராம். விடியும்போதுதான் கண் சொருகும். அப்போது வேலைக்குப் போகும் வாகனம் வந்துவிடும்.

“டொக்டரிட்டக் காட்டினீங்களோ?”

“காட்டினா எழுதித் தருவினம். எழுதித் தந்தா ஒப்பீசுக்குத் தெரிய வரும். ஒருக்கா வெளியில எடுத்தா எடுத்ததுதான். என்ர வயசுக்காரி ஒராள் இப்ப ஸ்டோரில சாவி வைச்சுக்கொண்டு இருக்கிறா. பாவம், நாள் முழுக்கக் கதவைத் திறந்து பூட்டுறா.” பிறகு, “எனக்குப் பழகீட்டுது. நான் கொஞ்ச நித்திரை காணுற ஆள்” என்றார்.

வேறு யாராவது இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். கணபதிக்கும் தெரியும் போலிருந்தது. லான்மாஸ்டரின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார்.

முதலுதவிக்கு நிற்கும் சுதர்சினி மட்டும் ஒருமுறை கேட்டாராம், “அக்கா, கண் சிவந்திருக்கு.” அடுப்புப் புகை என்று பதில் வந்தது. கேத்தில் வைத்தது காஸ் அடுப்பில்.

பிறகு ஒரு நாள் காலை பனி மூட்டம் கலையப் பிந்தியது. தேத்தண்ணி முடிந்தது. எல்லோர் கையும் சரியாக இருந்தது. முந்திய இரவு யானை மற்றப் பக்கம் போயிருந்ததால் கிருபனும் நன்றாக நித்திரை கொண்டிருந்தார். முதல் இடைவேளை வரை தன் பாதையில் வேலை செய்துவிட்டு வெளியே வந்து, வைசரை மேலே தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மற்றப் பாதைகளில் இருந்தவர்களும் எழும்பிக்கொண்டிருந்தார்கள். கிருபன் முடித்த துண்டை இனி அணித்தலைவி இன்னொரு மெசினால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் வெள்ளைத் தடி நடலாம்.

கமலாசனி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். சோதனைக்கென்று புதைத்து வைத்த இரும்புத் துண்டின் மேல் மெசினைப் பிடித்து அது கத்துகிறதா என்று பார்த்தார். கவசத்தின் வாரை இழுத்துப் பார்த்தார். சுதர்சினியைப் பார்த்துக் கையைக் காட்டினார். கயிற்றடியில் நின்றார். வழக்கம்போல வலது கை நெற்றிக்குப் போனது. வைசரைத் தொட்டது. இறக்கவில்லை. இறக்கிவிட்ட ஆளைப்போலக் கை திரும்பி வந்தது. அவர் உள்ளே போனார். முழங்காலில் நின்று குனிந்தார். வெறும் முகம்.

எல்லோரும் கண்டார்கள். தர்ஷன் சுதர்சினியைப் பார்த்தார். சுதர்சினி கிருபனைப் பார்த்தார். “அக்கா ஏதோ தெரிஞ்சுதான் செய்யிறா எண்டு நினைச்சனான்” என்று தர்ஷன் பிறகு சொன்னார். இங்கே எல்லோர் கழுத்திலும் ஒரு விசில் தொங்குகிறது. யாரும் ஊதலாம். ஊதினால் யாரானாலும் கையை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். அணித்தலைவிக்கு எதிராக அதுவரை யாரும் ஊதியதில்லை.

கிருபன் ஊதினார்.

எல்லாக் கையும் நின்றது. கமலாசனியின் கையும் நின்றது. அவர் உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பி, ஒவ்வொரு பாதையாகப் பார்த்தார். கூர்மையான பார்வை. ஒரு பாதையிலும் பிழை இல்லை.

“ஆர்?” என்றார். “ஆருக்கு என்ன? கிருபன், ஆரைக் கண்டனீ?”

“உங்களைத்தான்.”

“எனக்கென்ன?”

“முகத்தைத் தொட்டுப் பாருங்கோ அக்கா.”

அவர் தொட்டார். கையுறையின் மண் கன்னத்தில் பட்டது. கையை எடுக்கவில்லை. கன்னத்தில் வைத்தபடி முழங்காலில் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு வைசரை இறக்கி, எழும்பி, வந்த வழியால் ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து வெளியே வந்தார்.

கிருபன் அவர் பக்கத்தில் போய் நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

“இறக்கியாச்செல்லோ. விடுங்கோ அக்கா. நாங்கள் ஒருத்தரும் கதைக்க மாட்டம்.”

“நீ இப்பிடிப் போயிருந்தா நான் என்ன சொல்லியிருப்பன்?”

கிருபன் தன் கையுறையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

“சொல்லடா.”

“என்னை வெளியில எடுத்திருப்பியள். ஒப்பீசுக்கும் சொல்லியிருப்பியள்.”

“பிறகென்ன. வோக்கியைத் தா.”

அவர் வோக்கியை வாங்கி, வழக்கமாக மற்றவர்களைப் பற்றி அறிவிக்கும் அதே குரலில் அறிவித்தார்.

“கமலாசனி வைசர் இறக்காமல் பாதைக்குள்ள போனவா. கிருபன் விசில் அடிச்சு நிப்பாட்டினவர். ஆளை வேலையிலயிருந்து எடுக்க வேணும்.”

மறுமுனை கொஞ்சம் தடுமாறியது. “கமலாசனி எண்டா… இப்ப கதைக்கிறது ஆர்?”

“நான்தான்.”

“ஏன் அக்கா, காய்ச்சலோ?”

அவர் வோக்கியை வாயிலிருந்து விலக்கினார். காய்ச்சல் என்றால் நாளை மறுநாள் உள்ளே போய்விடலாம். சுதர்சினிக்கு அது தெரியும், கிருபனுக்கும் தெரியும். இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“காய்ச்சல் இல்லை” என்றார் கமலாசனி. “நித்திரை இல்லை. கனநாளா இல்லை.”

இரைச்சல். பிறகு குரல் வந்தது. டொக்டரிடம் போக வேண்டும், அவர் எழுதித் தரும்வரை கயிற்றைத் தாண்டக் கூடாது, அதுவரை கிருபன் அணியைப் பார்க்கட்டும். “மற்றதைப் பிறகு யோசிப்பம்” என்றது குரல். எதைப் பற்றி யோசிப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

“ஓம்” என்று சொல்லிவிட்டு வோக்கியைக் கிருபனிடம் கொடுத்தார். கவசத்தைக் கழற்றினார். முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. வைசரைக் கழற்றித் துடைத்து அதன் ஆணியில் மாட்டினார். ஓய்வெடுக்கும் தறப்பாள் கொட்டிலுக்குள் போய், பாயை விரித்து, சப்பாத்தைக் கழற்றாமலே சரிந்தார். “ஆரும் எழுப்ப வேண்டாம்” என்று சுதர்சினியிடம் சொன்னது பாதியில் நின்றுவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சத்தமாக வந்தது. இத்தனை வருடத்தில் அவர் நித்திரை கொள்வதை அணியில் யாரும் கண்டதில்லை.

அடுத்த இடைவேளைக்கு எல்லோரும் வழக்கம்போலக் கதைத்துக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார்கள். வாசலில் சுதர்சினி விரலை உதட்டில் வைத்தார். கிருபன் எட்டிப் பார்த்துவிட்டு, நிழலை விட்டு அணியை வெயிலுக்குள் கூட்டிப் போனார். அங்கே நின்றபடியே தண்ணீர் குடித்தார்கள். தர்ஷன் மட்டும் வாசலில் தயங்கி நின்றார்.

பாயில் கிடந்தவரின் வலது கை அசைந்தது. நித்திரை கலையவில்லை. கை மெல்ல எழும்பி நெற்றிக்குப் போய், இரண்டு விரலால் எதையோ பிடித்து, கழுத்துவரை முழுவதும் இறக்கிவிட்டது.